ஒல்லி பாடுகிறானா, நடிக்கிறானா?

நெட்டையக்காவின் கால்வலியை நான்கு பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்தால் நான்கு பேரும் அன்றைக்கே படுத்துவிடுவார்கள். அவளோ அதை ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு தினமும் காலை ஏழு மணிக்குச் சலவைக்கூடத்துக்குள் நுழைவாள். உள்ளே மூன்று ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் மலை மலையாகக் காத்திருக்கும். ஊரில் பாதிப் பேர் படுத்த படுக்கையாகவும், மீதிப் பேர் அவர்களைப் பார்க்க வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தும் இருந்தால்தான் அவ்வளவு விரிப்பு அழுக்காகும்.

கூடத்தின் நடுவில் இருந்தது உருளை. பெயர் கேட்டால் ஏதோ சின்னச் சாமான் என்று தோன்றும். ஒரு பஸ்ஸின் சக்கரங்களைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்காரவைத்தால் என்ன அளவோ அந்த அளவு. வயிற்றுக்குள் நீராவியில் கொதிக்கும் இரும்பு உருளைகள். ஒரு பக்கம் இருவர் ஈர விரிப்பை ஊட்ட வேண்டும். மறுபக்கம் அது புதுக் காகிதம் போல மொடமொடவென்று, விரலைச் சுடச்சுட வெளியே வரும். அங்கே இருவர் ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து வாங்கி மடிக்க வேண்டும். ஊட்டுகிற பக்கம் ஒரு மாமியாரும் மருமகளும். வீட்டில் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, உருளை முன்னால் மட்டும் அப்படி ஓர் ஒற்றுமை. வாங்குகிற பக்கம் நெட்டையும் குட்டையும்.

இருவருக்கும் பெயர் இல்லாமல் இல்லை. வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் பத்தொன்பது வருஷமாக ஒரே விரிப்பின் இரண்டு ஓரத்தில் ஓர் ஒட்டடைக்கம்பும் ஒரு முக்காலியும் நின்றால் ஜனங்கள் வேறென்ன கூப்பிடுவார்கள்? நெட்டைக்கு ஐம்பத்தேழு. குட்டைக்கு இரண்டு வயது குறைவு, அந்த இரண்டு வயதுக்காக ஒரு நாளைக்கு இருநூறு தடவை ‘அக்கா’ போடுவாள்.

ஒரு ஷிப்டுக்குத் தொள்ளாயிரம் விரிப்பு. வாங்கு, உதறு, மூலையோடு மூலை, நடந்து வா, கொடு, திரும்பிப் போ. இப்படி நடந்த நடையை நீட்டிப் போட்டிருந்தால் இருவரும் நிலாவைத் தொட்டுவிட்டு, அங்கேயும் உட்கார இடமில்லை என்று திரும்பி வந்திருப்பார்கள். உருளையின் இரைச்சலில் பேச முடியாது. அதனால் விரிப்புதான் பேச்சு. லேசாக ஒரு சுண்டு சுண்டினால் ‘வேகமா வா’. இழுத்துப் பிடித்தால் ‘இரு’. தளர விட்டால் ‘முடியலடி, கொஞ்சம் மூச்சு விட்டுக்கறேன்’. மத்தியானத்துக்கு மேல் விரிப்புகளெல்லாம் தளர்ந்தேதான் போய்வரும்.

இதில் நெட்டையக்காவுக்கு ஒரே ஒரு மனக்குறை. குட்டைக்குக் காது போய்க்கொண்டிருந்தது.

அதில் சந்தேகமே இல்லை. சூப்பர்வைசர் தம்பி வந்து ஏதாவது சொன்னால் குட்டை “ஆங்?” என்பாள். மறுபடி சொன்னால் சிரிப்பாள். சிரிப்பு எதற்கும் பதிலாகாத இடத்தில், உதாரணமாக ‘தலையணை உறையெல்லாம் எங்கே போச்சு’ என்ற இடத்தில், தலையை ஆட்டுவாள். அவர் குரலும் அப்படி, கிணற்றின் அடியிலிருந்து வருகிற மாதிரி இருக்கும். ஆனாலும் குரல் குரல்தானே! நெட்டையக்காதான் பக்கத்தில் போய் அவர் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொல்வாள். இரண்டு வருஷமாக இதே வேலை. சூப்பர்வைசருக்குத் தெரியாமல், குட்டைக்கும் சங்கடம் வராமல், ஏதோ தானாகப் பேசுகிற மாதிரி. விரிப்பு மடிப்பதைவிட இதுதான் அவளைக் களைப்பாக்கியது.

சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. அது போனுக்குள் இருந்தது.

முட்டிவலிக்கு என்ன செய்யலாம் என்று ஒருநாள் ஒரு டாக்டரின் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “தினமும் ரெண்டு மணி நேரம் காலைத் தூக்கி வெச்சு ஓய்வெடுங்க” என்றார் அவர். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் டாக்டர் போய்விட்டார். போன் தன் இஷ்டத்துக்கு அடுத்ததைப் போட்டுவிட்டது.

கறுப்பு வெள்ளைப் படம். ஒரே மாதிரி கோட்டுப் போட்ட நான்கு கறுப்பின ஆண்கள். நால்வருக்கும் சேர்த்து ஒரே ஒரு மைக். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் தேவாலயம் தேவாலயமாகப் போய்ப் பாடிக்கொண்டிருந்த ஒரு நால்வர் குழு. யாரோ ஒரு புண்ணியவான் பழைய டி.வி. நிகழ்ச்சியைத் தோண்டியெடுத்து ஏற்றியிருந்தார். இந்த வகைப் பாட்டுக்கு ‘காஸ்பெல்’ என்று பெயர் என்பதெல்லாம் பிறகு மகன் தலைப்பைப் படித்துச் சொன்னது. அவன்தான் தன் பழைய பெரிய ஹெட்போனையும் கொடுத்தான். இரண்டு காதிலும் இரண்டு கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி இருக்கும்.

வார்த்தை ஒன்றும் அவளுக்குப் புரியவில்லை. ஆனால் அந்த நால்வரின் ஷூ புரிந்தது. ராத்திரியெல்லாம் காரில் மடங்கி உட்கார்ந்து வந்து, இறங்கின இடத்திலேயே துடைத்துக்கொண்டு மேடை ஏறினவர்களின் ஷூ. கண்ணுக்குக் கீழே வீக்கம். காலர் ஓரத்தில் நைந்த நூல். இஸ்திரிக்காரிக்கு இது தெரியாதா? ‘இவனுங்களும் நிக்கிற வேலைக்காரனுங்கதான்’ என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

நால்வருக்கும் பெயர் வைத்தாள். நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக ஆரம்பித்து, போகப்போகக் கோட்டைக் கழற்றி, முட்டி போட்டு, சட்டை பிழிந்தால் ஒரு வாளி வருகிற அளவுக்கு நனைகிறவன் வேர்வை. பக்கத்தில் விறைப்பாக நின்று எல்லாரையும் கண்ணாலேயே அடக்குகிறவன் வாத்தியார். வலது ஓரத்தில் பீரோ மாதிரி நிற்பவன் குண்டன்.

குண்டன்தான் அவள் ஆள். அவன் அசைய மாட்டான். வாய்கூட அரைக்கால் அங்குலம்தான் திறக்கும். ஆனால் அடிவயிற்றிலிருந்து ‘தூம், தூம்’ என்று ஒரு குரல் விடுவான் பாருங்கள், தலைமேல் மூட்டையைச் சுமந்து வந்தவன் அதை இறக்கி வைக்கும்போது விடுகிற மூச்சு அது. ஒவ்வொரு ‘தூமு’க்கும் அவள் காலிலிருந்து ஒரு படி வலி இறங்கும். அந்த வீடியோவை மொத்தம் முந்நூற்றுச் சொச்சம் பேர் பார்த்ததாகக் கீழே போட்டிருந்தது. அதில் இருநூற்றுத் தொண்ணூறு நெட்டையக்காவாகத்தான் இருக்கும்.

மிச்சம் இருப்பவன் ஒல்லி. இடது ஓரம். ஒரு கையைக் காதின் மேல் குவித்து, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, பல் டாக்டரிடம் காட்டுகிற மாதிரி வாயைத் திறந்துகொண்டு நிற்பான்.

நின்றால் சரி. சத்தம் எங்கே?

முதலில் ஹெட்போன் கோளாறோ என்று பார்த்தாள். கிண்ணங்களை இடம் வலம் மாற்றிப் போட்டுப் பார்த்தாள். குண்டன் வந்தான், வேர்வை வந்தான், வாத்தியார் வந்தான். ஒல்லி மட்டும் வரவில்லை. கண்டுபிடித்துவிட்டாள்: மற்ற மூவரும் உயிரைக் கொடுக்க, இவன் சும்மா வாயைத் திறந்து மூடி ஏமாற்றுகிறான். எந்த வேலையிடத்தில்தான் இப்படி ஒருவன் இல்லை? அவனை அவளுக்கு அடியோடு பிடிக்காமல் போனது.

“இவனைப் பாருடி. கோட்டைப் போட்டுக்கிட்டு வந்து வெறுமனே நிக்கிறான், தண்டம்” என்று குட்டையிடம் காட்டினாள்.

குட்டை ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டு முழுவதையும் பார்த்தாள். கிண்ணத்தைக் கழற்றும்போது முகம் ஒரு மாதிரி இருந்தது.

“அக்கா, நீ யாரைச் சொல்ற?”

“இதோ, இந்த ஒல்லியை.”

“அவனா? அவன் தொண்டைய வெச்சுத்தான் அக்கா பாட்டே நிக்குது! மேலே போய் நூல் மாதிரி இழுக்கிறான் பாரு, எனக்கு இங்க புல்லரிச்சுப் போச்சு. சும்மா நிக்கிறது அந்தக் குண்டன். வாயில எதையோ போட்டு மென்னுக்கிட்டு இருக்கான்.”

நெட்டையக்கா அவளை இரக்கத்தோடு பார்த்தாள். பாவம். குண்டனையே கேட்கவில்லை என்றால் இனி இவளுக்கு இடியும் கேட்காது. இல்லாத நூலை வேறு கற்பனை செய்துகொள்கிறாள்.

“சரிடி, உனக்கு ஒல்லி. எனக்குக் குண்டன்” என்று விட்டுவிட்டாள்.

குட்டையும் அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். அதுவும் இரக்கம்தான் என்பது நெட்டையக்காவுக்குத் தோன்றவில்லை.

அந்த வாரம்தான் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். வேறெங்கோ ஒரு சலவைக்கூடத்தில் உருளையின் அலாரம் காதில் விழாமல் ஓர் ஆளின் சட்டைக்கை உள்ளே போய்விட்டதாம். கை தப்பியது, சட்டை போனது. ஆகவே வரும் வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் காது பரிசோதனை. அலாரம் கேட்காதவர்கள் உருளையில் நிற்கக் கூடாது. பிரிக்கிற அறைக்குப் போக வேண்டும்.

பிரிக்கிற அறை என்றால் அழுக்கு விரிப்பு வந்து இறங்குகிற இடம். முழங்கை வரை கையுறை, முகமூடி, தனி ஆள், போன் கூடாது. அங்கிருந்து வெளியே வருகிறவர்களைத் தெருநாய்கூடச் சுற்றிக்கொண்டு போகும்.

நெட்டையக்கா அந்தத் தாளை இரண்டு தரம் படித்தாள். குட்டை இல்லாத விரிப்பை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எதிர் ஓரத்தில் வேறொருத்தி நின்றால் ‘முடியலடி’ என்று யாரிடம் தளர விடுவது?

ஏற்கெனவே குட்டையிடம் கொஞ்ச காலமாக ஒரு கெட்ட பழக்கம் வேறு. பழைய உருளைக்குக் கணகணவென்று மணி இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் வந்த இந்தப் புது உருளைக்குச் சின்னதாக ஏதோ அலாரமும் மேலே ஒரு சிவப்பு விளக்கும். துணி சிக்கிக்கொண்டால் இருவரும் உடனே கையை விட்டுப் பின்னால் வர வேண்டும். ஆனால் குட்டை விளக்கைப் பார்ப்பதற்கு முன்பே பொறுமையில்லாமல் விரிப்பை இரண்டு தரம் வெடுக்கென்று இழுத்துவிடுவாள். “ஏண்டி பிடுங்குற?” என்று நெட்டையக்கா தலையைத் தூக்குவாள். தூக்கினால், மேலே விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் சரியான நேரத்தில் தன் கண் விளக்கில் பட்டுவிடுவதை நினைத்து அவளுக்கே தன்மேல் ஒரு மரியாதை. ‘என் கண்ணுதான் இவளைக் காப்பாத்துது’ என்று நினைத்துக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமைக்குள் குட்டையைத் தேற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

“அங்க ஒரு பட்டனைக் கையில குடுப்பாங்களாம். சத்தம் கேட்டா அழுத்தணும். உனக்குக் கேக்கலைன்னாலும் மனசுக்குள்ள அஞ்சு எண்ணி ஒரு அழுத்து அழுத்து. அவங்களுக்கு என்ன தெரியப் போகுது?”

“நீ அப்படித்தான் அழுத்தப் போறியா?” என்றாள் குட்டை.

“எனக்கெதுக்குடி? நான் உனக்குச் சொல்றேன்.”

“ஆங்?” என்றாள் குட்டை. ஆனால் இந்த ‘ஆங்’ கேட்காத ‘ஆங்’ மாதிரி இல்லை.

வீட்டில் கணவரிடமும் சொல்லிப் புலம்பினாள். அவர் ஓய்வு பெற்ற டிரைவர். நாள் முழுதும் நாற்காலியில் உட்கார்ந்து, ஓடாத வண்டிக்கு பிரேக் போட்டுக்கொண்டிருப்பார்.

“பாவங்க, காது சுத்தமா போச்சு அவளுக்கு.”

“அது இருக்கட்டும். கேத்தல் அஞ்சு நிமிஷமா விசில் அடிச்சுக்கிட்டு இருக்கு. எந்திரிச்சு அணைப்பியா மாட்டியா?”

“அது எங்க அடிக்குது? விசில் கெட்டுப் போயி ஆறு மாசமாச்சு. புதுசு வாங்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்கேன்.”

அவர் அவளைப் பார்த்தார், கேத்தலைப் பார்த்தார், பிறகு களைப்பாக எழுந்துபோய்த் தானே அணைத்தார். முப்பத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் சில விஷயங்களுக்கு வாதாடுவதைவிட எழுந்து நடப்பது சுலபம்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஒரு வேன் முற்றத்தில் வந்து நின்றது. உள்ளே ஒரு கண்ணாடி அறை, ஒரு நாற்காலி. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண், வயது இருபத்தைந்து இருக்கும், அன்றைக்கு மட்டும் நாற்பது பேரிடம் ‘சத்தம் கேட்டா அழுத்துங்க’ என்று சொல்ல வேண்டிய களைப்பை முகத்தில் முன்கூட்டியே பூசிக்கொண்டிருந்தாள்.

வரிசையில் குட்டை நெட்டையக்காவைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். “அக்கா, நான் முதல்ல போறேன். எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்து உனக்குச் சொல்றேன்.”

“எனக்குச் சொல்லப் போறாளாம்” என்று நெட்டையக்கா பின்னால் நின்ற மாமியாரிடம் கண்ணைச் சிமிட்டினாள்.

பத்து நிமிஷத்தில் குட்டை இறங்கி வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள். அவசர அவசரமாக, “ஆரம்பத்துல தூம் தூம்னு ஏதோ வருது போல, எனக்கு அது சரியா புடிபடல. அப்புறம் வர்றதெல்லாம் மேல் சத்தம். மொத்தம் பதினஞ்சு தடவை. சத்தம் வர்ற ஒவ்வொரு தடவையும் அந்தப் பொண்ணு பேனாவைத் தூக்குவா. அப்ப அழுத்து. அவ பேனாவையே பாரு, அக்கா!” என்றாள்.

“போடி பைத்தியம்.”

நெட்டையக்கா ராணி மாதிரிப் படியேறினாள். ஹெட்போன் மாட்டினார்கள். அவளுக்குப் பழக்கமான கிண்ணங்கள். நாற்காலியில் சாய்ந்ததும் முதல் சத்தம் வந்தது: தூம். அட, குண்டன்! அழுத்தினாள். தூம். அழுத்தினாள். கொஞ்சம் மேலே ஏறி வாத்தியார் மாதிரி ஒன்று. அழுத்தினாள். வேர்வை மாதிரி ஒன்று, தூரத்திலிருந்து. அழுத்தினாள்.

பிறகு ஒன்றுமில்லை.

காத்திருந்தாள். நாற்காலி மெத்தென்று இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. சாப்பிடப் போய்விட்டார்களோ என்று கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அந்தப் பெண் குமிழைத் திருகுவதும், பேனாவைத் தூக்குவதும், இவள் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

நெட்டையக்கா கண்ணாடியைத் தட்டினாள். “ஏம்மா, மெஷின் நின்னு போச்சு பாரு.”

அந்தப் பெண் கதவைத் திறந்து, ஒரு பக்கக் கிண்ணத்தை நகர்த்தி, மெதுவாகச் சொன்னாள்: “மெஷின் ஓடிக்கிட்டுதாம்மா இருக்கு. நாலு நிமிஷமா.”

உட்கார்ந்த நாற்காலி திடீரென்று கட்டாந்தரையாகிவிட்டது.

அந்தப் பெண் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். நெட்டையக்காவின் கோடு இடப்பக்கம் நன்றாக நடந்து வந்து, பாதியில் சறுக்கி, வலப்பக்கம் அதல பாதாளத்தில் விழுந்திருந்தது. குட்டையின் கோடு இடப்பக்கம் பள்ளத்தில் ஆரம்பித்து வலப்பக்கம் மலையேறியிருந்தது.

“உங்களுக்கு மேல் சத்தம் போயிடுச்சு. விசில், குருவி, அலாரம் மாதிரி. இரைச்சல்ல வேலை செய்யறவங்களுக்கு வர்றதுதான். அவங்களுக்குக் கீழ் சத்தம் கம்மி, அது ரொம்ப அபூர்வம். ரெண்டு பேரையும் ஒட்டினா ஒரு நல்ல காது கிடைக்கும்” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பது சரியில்லை என்று நிறுத்திக்கொண்டு, “அவங்களுக்கு அலாரம் கேக்குது. உங்களுக்குக் கேக்கலம்மா. நான் எழுதித்தான் ஆகணும்” என்றாள்.

நெட்டையக்கா படியில் இறங்கினாள். கேத்தல் நினைவுக்கு வந்தது. அணைக்க எழுந்த மனிதரின் முதுகு நினைவுக்கு வந்தது. பிறகு, வெடுக் வெடுக்கென்று இரண்டு தரம் இழுபடும் விரிப்பு.

குட்டை கீழே நின்றுகொண்டிருந்தாள்.

“எத்தனை நாளாடி?”

“ரெண்டு வருஷம். புது மெஷின் வந்ததிலேர்ந்து.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீ ஒத்துக்குவியா? எனக்குத்தான் காது கேக்கலன்னு ஊருக்கே சொல்லிக்கிட்டுத் திரிவ.” குட்டை மூக்கை உறிஞ்சினாள். “அதோட சூப்பர்வைசர் பேசறது எனக்கு ஒரு எழுத்துக்கூட விழறதில்ல. நீதான் திருப்பிச் சொல்ற. நீ எனக்கு வாய், நான் உனக்கு மணி. சரியாத்தானே போய்க்கிட்டு இருந்துச்சு!”

திங்கட்கிழமை நெட்டையக்கா பிரிக்கிற அறையில் நின்றாள்.

அந்த அறைக்கு ஜன்னல் ஒன்று இருந்தது. அதுவும் மூக்கைப் பொத்திக்கொண்டு எப்போதும் மூடியே இருந்தது. மூட்டையை அவிழ்ப்பது, விரிப்பைத் தனியாக, உறையைத் தனியாக, கறை பட்டதைத் தனியாகப் போடுவது. மூட்டைக்குள்ளிருந்து கரண்டி வந்தது, மூக்குக்கண்ணாடி வந்தது, செவ்வாய்க்கிழமை ஒரு பல்செட் வந்து அவளைப் பார்த்துச் சிரித்தது. அவள் பதிலுக்குச் சிரிக்கவில்லை. எதிரே ஆள் இல்லாத துணியைத் தூக்கத் தூக்க, தோள் இரண்டும் வேறு யாருடையவோ மாதிரிக் கனத்தன. தளர விட்டால் துணி தரையில் விழுந்தது. அவ்வளவுதான். அந்தப் பக்கத்திலிருந்து யாரும் ‘இரு’ என்று இழுத்துப் பிடிக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் கையுறையைக் கழற்றிக் கை கழுவி முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். போனை எடுத்தாலும் பாட்டைப் போட மனம் வரவில்லை. ஒரு தடவை போட்டாள். ஒல்லி வாயைத் திறந்து நின்றான். செத்து எத்தனை காலம் ஆனதோ, அப்படிப்பட்டவனை இத்தனை மாதம் திட்டியதை நினைத்து அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அணைத்துவிட்டாள்.

உருளையில் அவள் இடத்துக்கு வண்டியில் மூட்டை ஏற்றுகிற அண்ணனைப் போட்டிருந்தார்கள். மலை மாதிரி ஆள், மாற்றுக் குறையாத காது. எறும்பு நடந்தால் எந்தக் காலை முதலில் வைத்தது என்று சொல்லிவிடுவான். ஒரே ஒரு சிக்கல். சூப்பர்வைசர் மாதிரியே அவனுக்கும் குரல் கிணற்றின் அடியிலிருந்துதான் வந்தது.

அவன் “புடிங்க” என்றால் குட்டை விட்டாள். “விடுங்க” என்றால் சிரித்தாள். விரிப்பின் வழியாகப் பேசத் தெரியாத மனிதன். குட்டை சுண்டினால் ‘ஏதோ கோபம்’ என்று நினைத்துக் கையை எடுத்துவிடுவான். முதல் நாளே விரிப்புகள் இடுப்பளவு குவிந்தன. மூன்றாம் நாள் மாமியார் எதிரில் இருந்த மருமகளைப் பார்க்க முடியாமல், “ஏம்மா, அங்கதான் இருக்கியா?” என்று ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்து பேசினாள் என்றால் குவியலின் உயரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான்காம் நாள் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து, ‘விரிப்பு வருமா, நோயாளிகளை நிற்கவைக்கட்டுமா’ என்று போன் வந்தது.

ஐந்தாம் நாள் பதினோரு மணிக்கு சூப்பர்வைசர் தம்பி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பிரிக்கிற அறை வாசலில் வந்து நின்றார். நெட்டையக்கா நிமிரவில்லை.

“அம்மா, அந்தக் குட்டையம்மா என்னை அடிக்காத குறை.”

“அவளா? என்ன சொன்னா?”

“‘அந்த அக்காவுக்கு மணி நான். என்னை வெச்சுக்கிட்டு மணி கேக்கலன்னு எழுதறீங்களே’ன்னு. நான் என்ன பதில் சொன்னாலும் ‘ஆங்? ஆங்?’ங்கிறாங்க. நானும் எவ்வளவுதான் கத்தறது!” அவர் ஒரு தாளை நீட்டினார். “மேல பேசிட்டேன். விளக்கை உங்க கண்ணுக்கு நேரா இறக்கி மாட்டறோம். காதுக்கு மெஷின் வாங்கிப் போட்டுக்கிட்டா தனியாவே நிக்கலாம். அது வரைக்கும், அவங்க எதிர்ல நின்னாத்தான் நீங்க உருளையில நிக்கலாம். அவங்க லீவு போட்டா நீங்க இங்கதான். சம்மதமா?”

நெட்டையக்கா தாளை வாங்கவில்லை. கையுறை அழுக்காக இருந்தது. இரண்டு வருஷமாகத் தான் தாங்கிக்கொண்டிருந்ததாக நினைத்த ஒருத்தி, தன்னைத் தாங்கிக்கொண்டிருந்தாள். இப்போது அது தாளில் வேறு எழுதியாகிவிட்டது. இதற்கு மானம் போகிறதா, இல்லையா என்று யோசித்துப் பார்த்தாள். யோசிக்கக்கூட நிற்க வேண்டியிருந்தது. கால் வலித்தது.

“சம்மதம்னு சொல்லு, தம்பி” என்றாள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் இருவரும் கவிழ்த்துப் போட்ட துணிக்கூடைகளின் மேல் அக்கம்பக்கமாக உட்கார்ந்தார்கள். குட்டையின் முதல் வார்த்தையே, “இனிமே எனக்கு ஜுரம் வந்தா நீதான் அக்கா கும்பிடணும், சீக்கிரம் போகட்டும்னு.”

“ஜுரம் வந்தா உன்னைக் கட்டிலோட தூக்கிட்டு வந்து உருளை முன்னாடி வெச்சுடுவேன். ஒழுங்கா இரு.”

காது மெஷினுக்கு அந்தப் பெண் எழுதிக் கொடுத்த சீட்டு நெட்டையக்காவின் பையில், முட்டிவலிச் சீட்டோடு மடிந்து கிடந்தது. இரண்டில் எதற்கு முதலில் போவது என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. போனைக் கூடைமேல் சாய்த்து வைத்தாள். ஹெட்போனை அகல விரித்து ஆளுக்கொரு கிண்ணமாகக் காதில் வைத்துக்கொண்டார்கள். குட்டை ஒரு தலையணை உறையை எடுத்து, ஒரு முனையை அக்காவின் கையில் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டாள்.

பாட்டு ஆரம்பித்தது. வேர்வை மெதுவாக மைக்கை நெருங்கினான். வாத்தியார் கண்ணால் அதட்டினான். குண்டன் மூட்டையை இறக்கினான்: தூம். நெட்டையக்கா உறையை ஒரு சுண்டு சுண்டினாள். குட்டை திரையில் குண்டனைப் பார்த்து, “ஓ, இப்பவா?” என்றாள். அடுத்த ‘தூமு’க்கும் ஒரு சுண்டு. குட்டையின் தலை ஆட ஆரம்பித்தது.

ஒல்லி கையைக் காதுமேல் குவித்தான். தலையைச் சாய்த்தான். கண்ணை மூடி வாயைத் திறந்தான்.

உறை இழுபட்டது. வெடுக்கென்று இல்லாமல், மெதுவாக, நீளமாக, மேலே மேலே ஏறுகிற மாதிரி. எங்கோ உச்சியில் போய் நடுங்கிக்கொண்டு நின்றது. நெட்டையக்காவின் விரல் நுனியில் அந்த நடுக்கம் வந்து சேர்ந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நேரமா? ஒரு மனுஷனுக்கு இவ்வளவு மூச்சா? அவளறியாமலே அவளுடைய இன்னொரு கை எழுந்து, சும்மா இருந்த காதின் மேல் குவிந்துகொண்டது.

உறை மெல்லத் தளர்ந்தது.

“பாத்தியா?” என்றாள் குட்டை.

“ம்.”

“இப்ப ஒத்துக்கிறியா, பாடறான்னு?”

நெட்டையக்கா திரையை நன்றாகப் பார்த்தாள். அந்தக் காலர், அந்தக் கண் வீக்கம், அந்த ஷூ.

“பாடறான், பாடறான். ஆனா இவ்வளவு நேரம் ஒரே இழுப்பா இழுக்கணுமா? பக்கத்துல குண்டன் எவ்வளவு நேரமா நிக்கிறான், கால் வலிக்காதா அவனுக்கு?”

குட்டை உறையை வெடுக் வெடுக்கென்று இரண்டு தரம் இழுத்தாள். நெட்டையக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள். சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. மாமியாரும் மருமகளும் உருளையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். நெட்டையும் குட்டையும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, முட்டி முனக எழுந்தார்கள்.